கூட்டத்துக்கு நடுவுல ஏன் வர்றான்?

கேள்வி: அண்ணே, செல்லூர்ல டீச்சரா இருக்கேன். போன வாரம் எட்டாவது படிக்கிற பிள்ளைகளை காந்தி மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போனேன். காந்தி சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த அந்த ரத்தக்கறை துணிகிட்ட நின்னு ஒரு பையன் கேட்டான், "கொல்லணும்னு வந்தவன் ஏன் டீச்சர் அம்புட்டு சனத்துக்கு நடுவுல வந்து சுட்டான், மாட்டிக்குவோம்னு தெரியாதா?" எனக்கு பதில் வரல. நீங்க சொல்லுங்கண்ணே.
- செல்லூர் வாசகி

பதில்: நல்லா தெரியும் டீச்சரம்மா, தெரிஞ்சுதான் வந்தான். 1948 ஜனவரி 30, டெல்லி பிர்லா மாளிகை. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு காந்தி அங்க பிரார்த்தனைக்கு வருவாருன்னு ஊருக்கே தெரியும், யார் வேணாலும் உள்ள போகலாம், கும்பிட்டு பக்கத்துல நிக்கலாம். பத்து நாளைக்கு முன்னாடி அதே எடத்துல குண்டு வெடிச்சும், வர்றவங்களை சோதனை போடக்கூடாதுன்னு காந்தி சொல்லிட்டாரு. கோட்சே எதிர்ல வந்து வணக்கம் வச்சான், மூணு தடவை சுட்டான். அங்கயே பிடிபட்டான், அப்புறம் கோர்ட்டுல நீளமா ஒரு வாக்குமூலம் வாசிச்சான். அந்த வாக்குமூலத்தை மறந்துடாதீங்க, தப்பிச்சு ஓடணும்னு நினைக்கிறவன் அப்படி ஒண்ணை தயார் பண்ண மாட்டான்.

பையன்கிட்ட முதல்ல சாதாரண காரணத்தை சொல்லுங்க. பெரிய தலைவரை வேற எங்கயும் கிட்ட நெருங்க முடியாது, பொதுக்கூட்டத்துல மட்டும் எந்த நேரம், எந்த எடம்னு போஸ்டர் அடிச்சு ஒட்டியிருப்பாங்க. 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்திக்கு நடந்ததை நம்ம வயசுக்காரங்க யாரும் மறக்க முடியாது, மாலையோட வந்து கால்ல விழுற மாதிரி குனிஞ்சாங்க, அவ்வளவுதான். மாலை போடுறதும் கால்ல விழுறதும் நம்ம ஊர் மரியாதை, அந்த மரியாதையையே வழியாக்கிட்டாங்கன்னு நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. அதே நேரம் இந்திரா காந்தியை 1984ல அவங்க வீட்டுத் தோட்டத்துலயே சொந்த காவலாளிங்க சுட்டாங்க, ஏன்னா அவங்களால கிட்ட போக முடிஞ்ச எடம் அது.

ஆனா கிட்ட போக முடியுதுங்கறது மட்டும் காரணமா இருந்தா ஸ்ரீபெரும்புதூருக்கு எதுக்கு கூடவே போட்டோகிராபரை கூட்டிட்டு வரணும்? பாக்கிறதுக்கு ஆள் வேணும். 1911ல மணியாச்சி ஜங்ஷன்ல ஆஷ் கலெக்டரை சுட்ட வாஞ்சிநாதன் சட்டைப்பையில லெட்டர் இருந்துச்சு, தான் செத்த பிறகு நாலு பேர் அதை படிக்கணும்னுதான எழுதி வச்சாரு. வாஞ்சியை இந்தப் பேச்சுல இழுக்கிறது சிலருக்கு பிடிக்காது, அந்த நியாயம் வேற, எடத்தை மட்டும்தான் சொல்றேன்.

டெல்லி, ஸ்ரீபெரும்புதூர்னு தூரமா ஏன் போகணும், நம்ம மதுரை வில்லாபுரம் இருக்கு. குடிதண்ணிக்காக போராடி கவுன்சிலரா ஜெயிச்ச லீலாவதியை 1997 ஏப்ரல் 23 அன்னைக்கு பட்டப்பகல்ல தெருவுல வெட்டிக் கொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஜூன் 30, மேலவளவு. தலித்துகளுக்கு ஒதுக்கின பஞ்சாயத்துல தலைவரா ஜெயிச்ச முருகேசன், கலெக்டர் ஆபீஸ் போயிட்டு மதுரையில இருந்து பஸ்ல ஊருக்குத் திரும்புறாரு, பஸ்ஸை மறிச்சு அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிப் போட்டாங்க. இவங்க யாரும் நெருங்க முடியாத தலைவருங்க இல்ல டீச்சர், காவலுக்கு துப்பாக்கி ஆள் கிடையாது, ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டினாலே வெளிய வந்திருப்பாங்க. அப்படியிருந்தும் பகல்ல, தெருவுல, பஸ்ல ஏன்? தண்ணிக்கு குரல் குடுத்தா இதான் கதி, அந்த நாற்காலியில இனி ஒருத்தனும் உக்காரக்கூடாதுன்னு பாத்துக்கிட்டு இருந்த அத்தனை பேருக்கும் சொல்றதுக்குத்தான். வெட்டு விழுந்தது ஒரு ஆள் மேல, பயம் போய்ச் சேர வேண்டியது ஊருக்கு. கூட்டம் அவனுக்கு இடைஞ்சல் இல்ல, கூட்டத்துக்காகத்தான் அவன் வந்ததே.

பையன்கிட்ட மிச்சத்தையும் சொல்லிடுங்க. மேலவளவுல உயிர் தப்பினவங்க, கண்ணால பாத்தவங்க கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னாங்க, அந்த பயத்துக்கு நடுவுலயும். 2001ல சேலம் கோர்ட் 17 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு.

கேள்வி: அப்ப தலைவருங்க பொதுக்கூட்டத்துக்கே வராம டிவியில பேசிட்டுப் போயிடலாமே?
- திருமங்கலம் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. ஜப்பான்ல 2022ல முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை நாரா நகரத்துல ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரோட்டோரமா நின்னு பேசும்போது சுட்டாங்க, அவர் வர்றாருன்னு இன்டர்நெட்டுல பாத்துட்டுத்தான் சுட்டவன் வந்தான். அதுக்காக ரோட்டுல நின்னு ஓட்டு கேக்குற வழக்கத்தை அங்க யாரும் விட்டுடல, ரெண்டு நாள்ல தேர்தலும் நடந்துச்சு. மனு குடுக்க வர்ற கிழவி தலைவர் முகத்தை டிவியில பாத்து என்ன பண்ணும்? உங்க ஊர் பக்கம் ஆலம்பட்டியில 2011 அக்டோபர்ல அத்வானி யாத்திரை போக வேண்டிய வழியில பாலத்துக்கு அடியில பைப் வெடிகுண்டு இருந்துச்சே, அவர் வர்றதுக்கு முன்னாடியே போலீஸ் எடுத்துட்டாங்க. யாத்திரையை நிறுத்தல, வேற ரோட்டுல போச்சு.