ஷேர்டு ஃபோல்டர் சரியான பாஸ்வேர்டையும் ஏற்காதது ஏன்?

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள ஷேர்டு ஃபோல்டரைப் புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. சரியாகக் கொடுத்தும் தவறு என்கிறது. என்ன செய்ய?

யாருடைய பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள்? அந்தப் பெட்டி கேட்பது உங்கள் லேப்டாப்பின் பாஸ்வேர்டை அல்ல, ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் உள்ள யூசருடையதை.

நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் இதே கூத்து. மாசம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய நாள். ஃபைலெல்லாம் அக்கவுன்டன்ட் அக்காவின் சிஸ்டத்தில். திறக்காமல் நிற்பது ஆர்ட்டிகிள் பையனின் (சிஏ பயிற்சியில் இருப்பவன்) புது லேப்டாப். அக்காவே வந்து நாலு எண்ணைத் தட்டினார். "காலையில இதப் போட்டுத்தானே தம்பி என் சிஸ்டத்தத் தொறந்தேன்!" அவர் தட்டியது பின் நம்பர். அது அந்த ஒரு கம்ப்யூட்டரோடு சரி, நெட்வொர்க்கில் செல்லாது. நிஜ பாஸ்வேர்டு அக்காவுக்கு மறந்தே போயிருந்தது.

இதற்கு என் வழி: ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷேருக்கென்றே தனியாக ஒரு லோக்கல் யூசர், அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமான கணக்கு. பாஸ்வேர்டைக் காலியாக விடாதீர்கள், காலி பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக வருபவரை விண்டோஸ் உள்ளே விடாது. ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு டேபிலும் அனுமதி கொடுங்கள். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். பெயர் கேட்கும் இடத்தில் வெறும் யூசர்நேம் போதாது. அந்தக் கம்ப்யூட்டரின் பெயர், பின்சாய்வுக் கோடு (\), பிறகு யூசர்நேம்.

அப்படியும் எங்களுக்குத் திறக்கவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் பார்த்தால் எரர் 1219. ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர்நேமில் போக முடியாது என்று அர்த்தம். பையன் ஏற்கெனவே வேறு பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தான். 'நெட் யூஸ்' என்று அடித்தால் பட்டியல் வரும், பழைய இணைப்பை டெலிட் செய்யலாம். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜருக்குள் பழைய பாஸ்வேர்டு பதுங்கியிருந்தால் அதையும் தூக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எரர் 53 என்றால் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே வழியே கிடைக்கவில்லை. ஃபயர்வாலில் 445 போர்ட்டைப் பாருங்கள், ஃபைல் ஷேரிங் அந்த வழியாகத்தான் போகும்.

பாஸ்வேர்டே இல்லாத பழைய நாஸ் பெட்டியா (நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் ஃபைல் வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டி)? விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு கெஸ்ட்டாக, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல், நுழைய முடியாது. கெஸ்ட்டைத் திரும்பத் திறந்துவிடும் வித்தை யூடியூபில் நிறைய உண்டு. நான் செய்ய மாட்டேன். நாஸில் ஒரு யூசர் உருவாக்குவது ஐந்து நிமிட வேலை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தனி யூசர் போடுவதற்கு முன், அவசரத்தில் அக்காவின் பாஸ்வேர்டையே மாற்றிப் பார்த்தேன். மறுநாள் காலை ஆடிட்டரிடமிருந்து போன்: ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் ஃபைல் வந்து சேரவில்லையாம். மெஷினுக்குள் இருந்தது அக்காவின் பழைய பாஸ்வேர்டு.