‘அழித்துவிட்டோம்’ என்று வந்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. 1970-ல் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். இரண்டு காதும் மந்தமாகி, 1986-ல் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சர்வீஸ் பென்ஷன் மட்டும் வருகிறது. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டால், மெடிக்கல் பேப்பர்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டதாக ரெக்கார்டு ஆபீஸிலிருந்து பதில் வந்திருக்கிறது. எங்களிடம் இருந்தவையும் ஓட்டு வீடு ஒழுகியதில் நனைந்து போயின, டிஸ்சார்ஜ் புக் மட்டும்தான் மிச்சம். வழி உண்டா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: உண்டு. பேப்பர் போனது அப்பாவின் தவறல்ல என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாமல், பிறகு உடல்நிலையைக் காட்டி அனுப்பினால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அரசுதான், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. ஊனப் பென்ஷனுக்கான 1982 விதிகளை வைத்து வந்த தீர்ப்பு அது, 1986-ல் வெளியே வந்த அப்பாவுக்கும் அதே விதிகள்தான்.

அதனால் டிஸ்சார்ஜ் புக்கில் ‘வெளியேறிய காரணம்’ என்ன, மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதி வகை) என்ன என்று முதலில் பாருங்கள். உடல்நிலை என்று இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். சொந்த விருப்பம் என்று எழுதியிருந்தால் கஷ்டம்தான், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம், ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, கேட்டகரி மாறியது எல்லாம் பார்ட் டூ ஆர்டரிலும் (சிப்பாயின் பணி விவரங்களைப் பதியும் படைப்பிரிவின் உத்தரவு) ஏறும். அது இருக்கிறதா என்று 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேளுங்கள். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் காதைப் பரிசோதித்துச் சான்று வாங்கலாம், ஆனால் அது இன்றைய குறையின் அளவைச் சொல்லுமே தவிர எதனால் வந்தது என்று சொல்லாது. அதற்கு அதே பேட்டரியில் (பீரங்கிப் பிரிவில்) இருந்த நண்பர்களின் பிரமாணப் பத்திரம் உதவும். அவர்களுக்கும் 70 தாண்டியிருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

மனு எழுத மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இத்தனை வருடம் கழித்து வந்தாலும் வழக்கை எடுப்பார்கள், ஆனால் நிலுவை பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். அதனால் நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

இன்றைக்கே அப்பாவை உட்கார வைத்து, எந்த ஊரில், எந்த வருடம், எந்தப் பீரங்கி, எந்த ராணுவ ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். காதில் விழாவிட்டால் கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள், பதிலையும் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.