அரிய மரபுநோயில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி: போஸ்ட்டாக்காகச் சேரலாமா?

பிஎச்டி முடியப் போகிறது, அரிய மரபுநோய் ஒன்றை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) வைத்து ஆராயும் லேபில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) இடம் கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு லேபில் நான் நான்கு வருடம் இருந்தேன். தாராளமாகச் சேருங்கள். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். அவை என்ன என்று சொல்ல, கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்தது ஃபிரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற நோயில். நிக்கோலஸ் ஃபிரீட்ரைக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1863-ல் விவரித்தது. பெரும்பாலும் பத்துப் பதினைந்து வயதில் நடை தள்ளாட ஆரம்பிக்கும், பேச்சு குழறும், அதிலிருந்து பத்துப் பதினைந்து வருடங்களில் பலருக்குச் சக்கர நாற்காலி. கடைசியில் பலரின் உயிரைப் பறிப்பது இதயத் தசையின் பாதிப்பு. காரணமான மரபணு பிடிபட்டது 1996-ல். 9ஆம் குரோமோசோமில் உள்ள ஃப்ரடாக்ஸின் மரபணுவுக்குள் ஜி-ஏ-ஏ என்ற டிஎன்ஏ மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானவர்களுக்கு அது முப்பது தடவைக்குள் முடிந்துவிடும். நோயாளிகளுக்கு நூற்றுக்கணக்கில் போகும், சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். இந்த நீளம் மரபணுவின் வாயைக் கட்டிவிடுகிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஃப்ரடாக்ஸின் புரதம் போதுமான அளவு உருவாவதில்லை.

இதில் அடிவாங்குவது முதுகுத்தண்டை ஒட்டிய உணர்வு நரம்பணுக்களும் இதயமும். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று உயிரோடு இருப்பவரிடம் அவற்றை வெட்டி எடுக்க முடியுமா? தோல் கொஞ்சம் தருவார்கள், ரத்தம் தருவார்கள். ஷின்யா யாமனாகாவின் குழு 2006-ல் எலிச் செல்லிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் காட்டிய வழி இங்கேதான் கைகொடுக்கிறது. நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் தோல் செல் கருநிலைக்குத் திரும்பிவிடும். ஐபிஎஸ் செல் என்பது அதுதான். அங்கிருந்து இதயச் செல்லாகவோ நரம்பணுவாகவோ வளர்க்கலாம்.

வளர்க்கலாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். நாள் முழுக்க அந்த ஒரு வேலைதான். தினமும் மீடியம் (செல்களுக்கு உணவான திரவம்) மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. மைக்ரோஸ்கோப்பில் நல்ல செல் கூட்டம் ஓரம் கூர்மையாக, நெருக்கமாக இருக்கும். எங்கேயாவது ஓரம் கலங்கி, செல்கள் நீண்டு படர்ந்திருந்தால் அது தன்பாட்டுக்கு வேறு ஏதோவாக மாறத் தொடங்கிவிட்டது. பைப்பெட் நுனியால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிடுவோம். வயலில் களை எடுப்பதுபோலத்தான். முதுகு வலியும் அதே மாதிரிதான்.

நல்ல நாட்களும் உண்டு. முதல் தடவை இதயச் செல் செய்தபோது, ஒன்பதாவது நாள் காலை தட்டின் ஒரு மூலை மட்டும் லேசாகத் துடித்தது. மேசை ஆடுகிறதோ என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். துடித்துக்கொண்டே இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். நோயாளியின் செல்லிலிருந்து நரம்பணு, ஆரோக்கியமான ஒருவரின் செல்லிலிருந்து நரம்பணு, இரண்டுக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்லைச் சேதப்படுத்தும் ரசாயன நெருக்கடி) கொடுத்தேன். நோயாளியின் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன, மற்றவை கல்லுப்போல் நின்றன. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் அதே முடிவு. எட்டு மாத வேலை. கட்டுரைக்கு முதல் படமே தயார் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசைக்காரர்தான், '20ஆம் குரோமோசோமைப் பார்த்தாயா?' என்று கேட்டார். ஐபிஎஸ் செல்களைப் பல தலைமுறை வளர்க்கும்போது, 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு துண்டு இரட்டிப்பாவது அடிக்கடி நடக்கிற விஷயம். அந்தத் துண்டில் செல்லைச் சாகவிடாமல் காக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அதனால் அந்தச் செல்கள் மற்றவற்றை அமுக்கிவிட்டுத் தட்டு முழுக்கப் பரவிவிடும். துண்டு சின்னது என்பதால் வழக்கமான குரோமோசோம் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். என் கையிலிருந்த அறிக்கையிலும் எல்லாம் சரி என்றுதான் இருந்தது. தனியாகச் சோதித்தேன். கோளாறு என் 'ஆரோக்கியமான' செல்லில். நோயாளியின் செல்கள் சீக்கிரம் சாகவில்லை, இவைதான் சாக மறுத்திருக்கின்றன. மூன்று முறையும் அதே முடிவு வராமல் என்ன செய்யும், ஒவ்வொரு முறையும் அதே செல்தானே! ஃப்ரீசரிலிருந்து பழைய குப்பி ஒன்றை எடுத்து மறுபடி செய்தேன். வித்தியாசம் முழுதாக மறையவில்லை, ஆனால் மேடையில் காட்டுகிற அளவுக்கு மிஞ்சவும் இல்லை.

கோளாறே இல்லாவிட்டாலும் இரண்டு பேரின் செல்களை ஒப்பிடுவதில் சிக்கல் இருக்கிறது. அவர்களுக்குள் இந்த ஒரு மரபணு மட்டுமா வேறுபடுகிறது? அதனால்தான் நோயாளியின் செல்லையே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் அந்த நீண்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, மற்றபடி அதே மாதிரியான ஜோடிச் செல் செய்கிறார்கள். அப்படியும் நிம்மதி கிடையாது. இந்த நோயில் ஜி-ஏ-ஏ வரிசையே வளர்க்க வளர்க்க நீளம் மாறும். போன வருடம் உறைய வைத்த செல்லும் இன்று தட்டில் இருப்பதும் ஒன்று என்று நம்பக் கூடாது.

இன்னொன்று, நோய் தெரிவதோ பதின்வயதில், தட்டில் இருக்கும் நரம்பணுவோ கருவில் இருப்பதைப் போன்றது. ஃப்ரடாக்ஸின் குறைவை அதில் அளந்துவிடலாம். பத்து வருடத் தேய்மானத்தை இரண்டு வருட ஒப்பந்தத்துக்குள் எப்படிக் காட்டுவது? ஒமாவெலாக்ஸலோன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தபோது, இனி உங்களுக்கு வேலை இல்லையே என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். அது நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கிறது, நோயைப் போக்குவதில்லை. வேலை நிறையவே பாக்கி இருக்கிறது.

ஆகவே நேர்காணலில் கேளுங்கள்: நோயாளி செல்லுக்குத் திருத்திய ஜோடி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் நீங்கள் செய்ய வேண்டுமா? இனிமேல்தான் என்றால் முதல் வருடத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எத்தனை பாஸேஜுக்கு (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்றுக்கு) ஒருமுறை குரோமோசோம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இதைத் தலைமை விஞ்ஞானியிடம் கேட்டுப் பயனில்லை, செல் வளர்க்கிறவரைத் தனியாகப் பிடித்து, ஃப்ரீசர் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.