பூவரசு இலைக்கு எத்தனை கட்டம்?

அன்புள்ள ஐயா,

ஐந்தாவது படிக்கும் என் மகளை ஓர் இலையின் பரப்பளவைக் கண்டுபிடித்து வரச் சொன்னார்கள். ஒரு செ.மீ. கட்டம் போட்ட தாளில் பூவரசு இலையை வைத்து, ஓரத்தை வரைந்து எண்ணினாள். பாதிக்கு மேல் நிரம்பிய கட்டம் ஒன்று, சரிபாதி என்றால் அரை, குறைந்தால் விட்டுவிட வேண்டுமாம். அவளுக்கு 64 வந்தது. இலையைச் சற்றுத் திருப்பி வைத்து நான் எண்ணினால் 66. இது கணக்கா, குத்துமதிப்பா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்குதான். நீளத்தை அகலத்தால் பெருக்குகிறோமே, அதுவும் கட்டம் எண்ணுவதுதான். 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் என்றால் வரிசைக்கு 8 கட்டமாக 5 வரிசை. இலையில் வரிசைகள் ஒரே அளவாக இருக்காது, அதனால் உட்கார்ந்து எண்ணுகிறோம்.

ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. பாதிக் கட்ட விதி ஒரு விடையைத் தருகிறது. அது எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால், குழந்தையை இரண்டு எண்கள் எழுதச் சொல்வேன். கோட்டுக்குள் முழுசாக அடங்கிய கட்டங்கள் மட்டும் ஒன்று. அவற்றோடு கோடு வெட்டிப்போகும் கட்டங்களையும் சேர்த்தால் இன்னொன்று. இலை முதல் எண்ணைவிடச் சிறியதாக இருக்க முடியாது, இரண்டாவதைவிடப் பெரியதாகவும் இருக்க முடியாது. இதில் குத்துமதிப்பே கிடையாது.

விடை தெரிந்த ஒன்றில் சோதித்துப் பார்க்கலாம். கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளியை மையமாக வைத்து 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரையுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 78.54 சதுர செ.மீ. ஒரு செ.மீ. கட்டத்தில் எண்ணினால் உள்ளே 60, ஓரத்தையும் சேர்த்தால் 88. இடைவெளி 28. அரை செ.மீ. கட்டத்துக்கு மாறி, எண்ணியதைச் சதுர செ.மீ. ஆக்கினால் 69, 86, இடைவெளி 17. மில்லிமீட்டர் கிராஃப் தாளில் வெறும் 3.8.

ஏன் சுருங்குகிறது? சந்தேகம் முழுக்க ஓரத்துக் கட்டங்களில்தான் இருக்கிறது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் ஓரத்துக் கட்டங்கள் சுமார் இரண்டு மடங்காகும், ஆனால் ஒவ்வொன்றின் பரப்பும் கால்வாசியாகிவிடும். ஆக, சந்தேகம் ஏறக்குறைய பாதியாகிறது. இதைத் தொடர்ந்து செய்துகொண்டே போகலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். வளைந்த உருவங்களின் பரப்பைக் கணிக்கும் தொகை நுண்கணிதமும் இந்த வழியில்தான் நடக்கிறது.

அதே வட்டத்துக்குப் பாதிக் கட்ட விதி ஒரு செ.மீ. கட்டத்தில் 80 தருகிறது, நல்ல நெருக்கம். சில கட்டங்களில் கூட்டி எண்ணியதும் சிலவற்றில் விட்டதும் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றன. உங்கள் 64-க்கும் 66-க்கும் காரணமும் இதுதான்: இலையைத் திருப்பியதும் ஓரத்தில் வேறு கட்டங்கள் வெட்டுப்பட்டன. அவள் எண்ணியது தப்பில்லை, நீங்கள் எண்ணியதும் தப்பில்லை.

எல்லா இலைக்கும் இப்படி ஈடாகிவிடாது. புளியமரத்துச் சிற்றிலை ஒன்றை அதே தாளில் நான்கு கட்டங்கள் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். எந்தக் கட்டமும் பாதி நிரம்பாமல் விடை பூஜ்யம் என்று வந்துவிடலாம். அதற்கு மில்லிமீட்டர் தாள்தான் வேண்டும். ஏன் என்று மகளையே கேளுங்கள், சொல்லிவிடுவாள்.