ராமுவின் நடை வேறு, சிட்டுவின் நடை வேறு

மதுரை அண்ணாநகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்:

“எங்கள் லாப்ரடார் ராமு 12 வருடம் தினமும் காலையில் என்னோடு மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தான். கயிறு தளர்ந்தே கிடக்கும், பக்கத்திலேயே வருவான். கடைசி ஆறு மாதம் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான். சோம்பல் என்று நினைத்து சில நாள் இழுத்துக்கொண்டு போனேன். அப்புறம் மனசு கேட்காமல் நானும் படிக்கட்டில் அவனோடு உட்கார ஆரம்பித்தேன். போன தை மாதம் போய்விட்டான். அவனுக்கு வலித்திருக்குமா? ‘ஒரு நாய்க்கா இவ்வளவு அழுகை’ என்கிறார்கள். இப்போது சிட்டு என்ற 10 மாத சிப்பிப்பாறைக் குட்டி வந்திருக்கிறாள். அதே பாதையில் அழைத்துப் போகிறேன். ஒரே இழுப்பு, கம்பத்துக்குக் கம்பம் மோப்பம். ஒரு நாள் பூனையைப் பார்த்துக் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். மகன் பைக்கோடு ஓடவிடச் சொல்கிறான். தெருநாய்கள் வேறு சூழ்ந்துகொள்கின்றன. என்ன செய்யலாம்?”

முதலில் ராமு. மறைக்காமல் சொல்கிறேன் அம்மா, நடக்கும்போது உட்கார்ந்துவிடும் 12 வயது லாப்ரடாருக்குப் பெரும்பாலும் வலி இருந்திருக்கும். இந்த இனத்தில் வயதானால் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் தேய்வது ரொம்ப சகஜம். ஆனால் மூட்டு வலிக்காக நாய் கத்துவது அபூர்வம். தூங்கி எழுந்ததும் முதல் நாலைந்து அடியை விறைப்பாக வைக்கும், அப்புறம் சரியாகிவிடும். அதைப் பார்த்து நாமும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். படியேறத் தயங்குவது, முன்னங்கால் மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருப்பது, பின்னங்கால் நகத்தின் மேல்பக்கம் தரையில் உரசித் தேய்வது எல்லாம் அதே சேதியைத்தான் சொல்கின்றன. வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளைத் தசை செயலிழப்பதும் உண்டு. குரைப்பின் குரல் மாறும், நடந்தால் மூச்சு கரகரவென்று இழுக்கும், வெயிலில் கொஞ்ச தூரத்திலேயே உட்கார்ந்துவிடும்.

வீட்டில் வயதான நாய் வைத்திருக்கிற மற்றவர்களும் இதைக் கவனியுங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடத்துவதைவிட, பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை அழைத்துப் போங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். நாய்களுக்கென்றே மூட்டுவலி மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்வார். நம் வீட்டு டப்பாவில் இருக்கிற பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஈரல், சிறுநீரகம், இரைப்பை எல்லாம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

நீங்கள் இழுத்தது சில நாள்தான். அதன்பிறகு படிக்கட்டில் அவனோடு உட்கார்ந்தீர்களே, அந்த வயதில் அவனுக்குத் தேவைப்பட்ட வாக்கிங் அதுதான். உடம்பு முடியாதபோதும் வெளியே வந்து காற்றையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ‘ஒரு நாய்க்கா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆநிரைப் பூசலில், அதாவது மாடுகளுக்காக நடந்த சண்டையில், இறந்த வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அந்த நாய்க்குப் பெயர். அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரர்கள் நாம். அழுகை வந்தால் அழுங்கள்.

சரி, சிட்டுவுக்கு வருவோம். ராமு தளர்ந்த கயிற்றில் நடந்தது உங்கள் நினைவில் இருக்கிறது. ஆனால் 10 மாதத்தில் ராமு எப்படி நடந்தான் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வயதில் இழுக்காத லாப்ரடாரை நான் பார்த்ததே இல்லை. பல வருடம் பழகிய ஒரு நாயின் நடையோடு விடலைக் குட்டியின் நடையை ஒப்பிட்டால் குட்டி தோற்கத்தான் செய்யும். இனமும் வேறு. லாப்ரடார், சுட்ட பறவையை எடுத்துவந்து மனிதன் கையில் தருவதற்காக வளர்க்கப்பட்ட இனம். அடிக்கொரு தரம் உங்கள் முகத்தைப் பார்ப்பது அதற்கு இயல்பு. சிப்பிப்பாறையோ கண்ணால் கண்டு விரட்டுகிற வேட்டைநாய். தூரத்தில் முயலோ பூனையோ அசைந்தால் உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

அவள் பட்டையை உருவிக்கொண்டதற்குக் காரணமும் அந்த உடலமைப்புதான். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி இனங்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் ஏறக்குறைய அதே அளவு. சாதாரண பெல்ட் காதைத் தாண்டிச் சுலபமாக வழுக்கிவிடும். அதற்காக இறுக்கிக் கட்டினால் இருமுவாள். மார்ட்டின்கேல் என்ற பட்டை கிடைக்கிறது. இழுக்கும்போது ஓர் அளவு வரைக்கும்தான் இறுகும், தளர்த்தினால் விடும். காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குப் போடுங்கள். கூடவே மார்பெலும்பின் மேல் ஒய் வடிவில் வருகிற ஹார்னெஸ் ஒன்றும் வாங்குங்கள். மார்புப் பக்கம் வளையம் இருந்தால் கயிற்றை அதில் மாட்டுங்கள். இழுத்தால் அவள் உடம்பு உங்கள் பக்கமே திரும்பிவிடும், இழுப்பின் வேகம் குறைந்துவிடும்.

இரும்புச் சுருக்குச் சங்கிலி இவளுடைய மெல்லிய கழுத்துக்குக் கூடவே கூடாது. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்குகிற கயிறும் வேண்டாம். இந்த இனம் நாலு தாவலில் முழு வேகத்தைப் பிடித்துவிடும். அந்த வேகத்தில் போய் கயிறு சட்டென்று முடியும்போது அடி முழுவதும் கழுத்தில் விழும், அல்லது உங்கள் தோளில் விழும். 2 மீட்டர் நீளத்தில் தட்டையான துணிக்கயிறு போதும்.

இழுப்பை நிறுத்தப் பழக்குவதற்குத் தெப்பக்குளம் சரியான இடம் இல்லை. வண்டி, கூட்டம், நடப்பவர்கள் கையிலிருக்கிற சுண்டல் பொட்டலம் என்று எத்தனையோ இருக்கின்றன. வீட்டு வாசலில், ஆளில்லாத தெருவில் 10 நிமிடம் செய்யுங்கள். கயிறு விறைத்தால் நின்றுவிடுங்கள். திட்டவோ சுண்டவோ வேண்டாம், நின்றால் போதும். அவள் ஒரு அடி பின்னால் வைத்தோ திரும்பிப் பார்த்தோ கயிறு தளர்ந்த அந்த நொடியில் நடக்க ஆரம்பியுங்கள். பக்கத்தில் வந்தால் உங்கள் தொடையோரம் கையைத் தாழ்த்தி, வேகவைத்த கோழிக்கறியில் சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒன்று கொடுங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. வீட்டில் யார் கயிற்றைப் பிடித்தாலும் இதே விதிதான். நீங்கள் நிற்க, மகன் இழுபட்டுக்கொண்டே போனால் அவள் கற்றுக்கொள்ள மாட்டாள்.

மோப்பத்தை மட்டும் குறைக்கப் பார்க்காதீர்கள். நம் மூக்கில் வாசனை அறியும் ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 முதல் 30 கோடி வரை. ஒரு கம்பத்தடியில் எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா, சினைப் பருவத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சார்லட் டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கால் தேடும் பயிற்சி செய்த வீட்டு நாய்கள், எது கிடைக்கும் என்று உறுதியில்லாத இடத்தையும் நம்பிக்கையோடு அணுகின. காலோரம் நடக்கும் பயிற்சி மட்டும் செய்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. நடையின் முதல் பத்து நிமிடத்தை அவளிடமே விட்டுவிடுங்கள். எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். மூக்குக்கு வேலை கிடைத்த நாய் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கடிக்காமல் தூங்கும்.

பைக் யோசனை வேண்டவே வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். 10 மாதத்தில் எலும்பு முனைகளின் வளர்ச்சி முழுசாக முடிந்திருக்காது. தார் ரோட்டில் ஒரே சீரான வேகத்தில் ஓடவைத்தால் மூட்டு பாதிக்கப்படும். அதைவிட முக்கியம், களைத்தாலும் நிற்க அவளுக்கு வழியில்லை. இந்த இனம் சில நிமிடம் காற்றாய்ப் பறந்துவிட்டு நாள் பூராவும் சுருண்டு தூங்கும், நீண்ட நேரம் வண்டியோடு ஓடும் உடம்பு இல்லை. காலையும் மாலையும் 25, 30 நிமிட நடை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுற்றுச்சுவர் உள்ள தோப்பிலோ மைதானத்திலோ கயிற்றை அவிழ்த்து ஓட்டம். இது போதும்.

வெயில் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ராமுவின் அடர்ந்த ரோமத்தைவிட சிட்டுவின் மெல்லிய ரோமம் மதுரைக்கு ஏற்றதுதான், ஆனாலும் நாய் உடம்புச் சூட்டை முக்கியமாக நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் தணிக்க முடியும். சித்திரை, வைகாசியில் காலை 6 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மாலையில் சூரியன் இறங்கினாலும் தார் சூடு இறங்காது. புறங்கையை ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் அவள் பாதத்தையும் வைக்கக் கூடாது. நாயின் இயல்பான உடல்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிராபத்து. இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். கொஞ்சம் தணிந்ததும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

தெருநாய்கள் பெரும்பாலும் தங்கள் எல்லை முடிகிற வரைக்கும் குரைத்துக்கொண்டு வந்துவிட்டு நின்றுகொள்ளும். ஓடாதீர்கள், கல்லெடுக்கக் குனியாதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். சிட்டுவை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, நேராக அவற்றை நோக்கிப் போகாமல் வளைந்து விலகுங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் பயம் அவளுக்கும் தெரிந்துவிடும். யாராவது சோறு வைக்கிற நேரத்திலும், குட்டி போட்ட பெண் நாய் இருக்கிற சந்திலும் போகாமல் இருப்பது நல்லது. காதில் சிறு வெட்டு இருக்கிற நாய்கள் கருத்தடை செய்யப்பட்டவை. அப்படிப்பட்டவை நிறைய இருக்கிற தெருவில் சண்டை பொதுவாகக் குறைவு. உங்களைக் கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா டோஸும் போட்டுக்கொள்ள வேண்டும். சிட்டுவைக் கடித்தாலும் இதே மாதிரி கழுவிவிட்டு, அவள் ஏற்கெனவே தடுப்பூசி போட்டவளாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதையை மாற்றச் சொல்கிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். தெப்பக்குளத்துக்கு நீங்கள் தனியாக, சாயங்காலம் போய்வரலாம். சிட்டுவுக்கு அவளுடைய தெருக்கள் இருக்கட்டும். கயிற்றில் நடக்கப் பழகிய பிறகு, கூட்டமில்லாத நாளில் அவளை அங்கே கூட்டிப்போய்ப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு 10 மாதம், முதல் பருவம் எந்த வாரமும் வரலாம். பிறப்புறுப்பு வீங்கி ரத்தக்கசிவு தெரியும். ஏறக்குறைய 3 வாரம் ஆண் நாய்கள் வீடு வரைக்கும் பின்தொடரும். அந்த நாட்களில் ஆள் நடமாட்டமில்லாத நேரமாகப் பார்த்து, இரட்டைக் கயிறு போட்டு, குறுகிய நடையாக முடித்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியிலும் தனியாக விடாதீர்கள், சுவர் ஏறிக் குதித்துவிடுவாள். கருத்தடை செய்ய எண்ணமிருந்தால் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது வழக்கம். தேதியை இப்போதே மருத்துவரிடம் பேசி வையுங்கள்.