சூசோக் வாரத்தில் சியோல்: கடை சாத்தியிருக்கும், அரண்மனை திறந்திருக்கும்

கேள்வி: காலாண்டு விடுமுறையில், 2026 செப்டம்பர் 21 முதல் 28 வரை சியோலில் இருக்கிறோம். நான், கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார். அந்த வாரம்தான் அங்கே சூசோக் திருவிழாவாம். திருவிழாவையும் பார்க்க வேண்டும், மகளுக்கு க்ரீம், ஷீட் மாஸ்க் என்று ஷாப்பிங்கும் செய்ய வேண்டும். மாமியார் சுத்த சைவம். எதை எந்த நாளில் வைத்துக்கொள்வது?

பதில்: முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அங்கே போய் ஏமாற வேண்டாம். சூசோக் வீட்டுக்குள் கொண்டாடுகிற பண்டிகை. பொங்கலுக்குச் சென்னை எப்படிக் காலியாகுமோ, அப்படிச் சியோலும் காலியாகிவிடும். சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமி அது; இந்த முறை செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. முந்தின நாளும் மறுநாளும் சேர்த்து மூன்று நாள் அரசு விடுமுறை. எல்லாரும் சொந்த ஊருக்குப் போய், முன்னோருக்குப் படையல் வைத்து, கல்லறைக்குப் போய்க் கும்பிட்டு வருவார்கள். நான் முதல் தடவை போனபோது இது தெரியாமல் சரியாகப் பண்டிகை நாளில் போய் இறங்கினேன். தெரு முழுக்க இழுத்துவிட்ட ஷட்டர். ராத்திரிச் சாப்பாடு, மூலைக் கடையில் வாங்கிய வாழைப்பழமும் பாலும்.

அதனால் உங்கள் ஷாப்பிங் முழுவதையும் 22, 23-க்குள் முடித்துவிடுங்கள். நம்தேமுன் மாதிரியான பழைய சந்தைகளில் பண்டிகை நாளன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ம்யோங்தோங் கடைவீதியில் வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடக்கும் கடைகள் சில திறந்திருக்கலாம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 27-ம் தேதி வாங்கிக்கொள்ளலாம் என்றும் தள்ளிப்போட வேண்டாம். அது மாதத்தின் நான்காவது ஞாயிறு. பல பகுதிகளில் பெரிய மார்ட்டுகளுக்கு இரண்டாவது, நான்காவது ஞாயிறு கட்டாய விடுமுறை. இன்னொன்று, 24 முதல் 27 வரை தெற்கே பூசான் நகரத்துக்குப் போகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பண்டிகை நாட்களின் ரயில் டிக்கெட், நம் ஊர் தீபாவளி முன்பதிவு மாதிரிதான்; திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

சரி, மூன்று நாளும் அறையில் உட்கார்ந்திருப்பதா? இல்லை. சியோலின் அரண்மனைகளைச் சூசோக் விடுமுறையில் இலவசமாகத் திறந்துவிடுவது வழக்கம். 1395-ல் கட்டிய கியோங்போக்குங்கில் சாதாரண நாளில் 3,000 வோன் கட்டணம். கொரியர்களின் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்திப் போனால் எந்த நாளிலும் கட்டணம் கிடையாது. மகளுக்கு ஹான்போக்கை விலைக்கு வாங்காதீர்கள். அரண்மனையைச் சுற்றி வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று கணக்கு. பாவாடைக்குள் விறைப்பான உள்பாவாடை ஒன்று கட்டிவிடுவார்கள், படி ஏறும்போது இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் காவலர் மாற்றம் நடக்கும். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை கியோங்போக்குங்குக்கு விடுமுறை, ஆகவே 22-ம் தேதி அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பக்கத்திலேயே புக்சோன். பழைய ஓட்டு வீடுகள் இருக்கும் மேட்டுத் தெரு. ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதால், அதன் முக்கியமான சந்துகளில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காலை 10 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. மீறினால் 1 லட்சம் வோன் அபராதம்.

பண்டிகையின் ருசி வேண்டுமென்றால் சோங்பியோன் தேடுங்கள். இதில் மாமியாருக்குத்தான் அதிர்ஷ்டம். அரிசி மாவைப் பிசைந்து, எள்ளும் சர்க்கரையுமோ பயறோ உள்ளே வைத்து, பிறை மாதிரி மடித்து, பைன் ஊசியிலைகளைப் பரப்பி அதன்மேல் ஆவியில் வேகவைப்பார்கள். ஒரு கடி கடித்ததும் எள் கொழுக்கட்டை என்றுதான் நாக்கு சொல்லும். அப்புறம்தான் மேலே தடவிய நல்லெண்ணெயும் பைன் வாசனையும் தெரியும். இன்சதோங் அருகே நக்வோன் பகுதியில் அரிசிப் பலகாரக் கடைகள் இருக்கின்றன. 23-ம் தேதியே வாங்கிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும், அன்றே சாப்பிடுவது நல்லது.

மற்றபடி சைவச் சாப்பாடு கொஞ்சம் சிரமம்தான். "கோகி பேகோ ஜுசேயோ" என்றால் கறி போடாமல் தருவார்கள். ஆனால் நெத்திலிக் கருவாடு கொதித்த சாறு அவர்கள் கணக்கில் கறி இல்லை. முட்டைக்கோஸை ஊறுகாய் மாதிரிப் புளிக்கவைக்கும் கிம்ச்சியிலும் பெரும்பாலும் உப்பில் ஊறிய இறாலோ மீன் சாறோ இருக்கும். நம்பிச் சாப்பிடக்கூடியது புத்த மடாலயச் சாப்பாடு. கறி, மீன் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. ஜோகேசா கோயிலுக்கு எதிரே பல்வூ கோங்யாங் என்று புத்த சங்கத்தாரே நடத்தும் உணவகம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு, விடுமுறைக்கு முந்தின நாட்களில் போய்வாருங்கள். 24, 25-க்கு எம்.டி.ஆர். பாக்கெட் நான்கைந்து பெட்டியில் இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூட்டத்தோடு கூட்டமாய்த் திருவிழா பார்ப்பதுதான் முதல் ஆசை என்றால், தேதியைத்தான் மாற்ற வேண்டும். புத்தர் பிறந்தநாளையொட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், தோங்தேமுனிலிருந்து ஜோகேசா வரை தாமரை விளக்கு ஊர்வலம் நடக்கும். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த விழா; தெருவோரம் நின்று பார்க்கக் காசு வேண்டாம். அக்டோபரில் போக முடிந்தால் தெற்கே ஜின்ஜு. 1592-ல் ஜப்பானியப் படை கோட்டையைச் சூழ்ந்தபோது, உள்ளே இருந்தவர்கள் செய்தி சொல்ல நம்காங் ஆற்றில் விளக்குகளை மிதக்கவிட்டார்களாம். அதன் நினைவாக இன்றும் ஆறு முழுக்க விளக்கு. என்னைக் கேட்டால், சூசோக்கை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வேன். பள்ளி விடுமுறை விடாது, தெரியும்.

கடைசியாக, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைச் சுற்றுலாப் பயணிகள் திரும்பப் பெறுவது பற்றி. கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை, நகல் அல்ல, அசலையே எடுத்துப் போங்கள். ஒரே பில்லில் 15,000 வோனுக்குக் குறையாமல் வாங்கினால்தான் வரி திரும்பக் கிடைக்கும். எனவே மூன்று கடையில் மூன்று மாஸ்க் வாங்குவதைவிட ஒரே கடையில் மொத்தமாக வாங்குவது லாபம். உடனடிக் கழிவு தரும் கடை என்றால் பில் போடும்போதே கழித்துவிடுவார்கள். மற்ற கடைகளில் தரும் ரசீதை வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அதற்கான இயந்திரத்தில் காட்டுங்கள். சீரம், டோனர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போகட்டும். கிம்ச்சியும் அங்கே திரவக் கணக்குதான். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.