பழைய வண்டிச் சேஸின் ஆண்டும் பிறப்பிடமும்: கேள்வி பதில்

கம்பத்திலும் மேலே ஏலத்தோட்டப் பகுதியிலும் பழைய சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வாங்கிவிட்டு, அது எந்த ஆண்டு, எந்த நாட்டில் செய்தது என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என்ஜின், கிரில், பாடி ஆகிய மூன்றும் கைமாறிக் கைமாறி வேறு வண்டிக்குப் போய்விடக் கூடியவை என்பதால், சேஸை மட்டுமே சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (உத்தமபாளையம்): ஐயா, ஒரு எஸ்டேட் கொட்டகையிலிருந்து வெறும் ஜீப் சேஸ் வாங்கினேன். இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி என்று விற்றவர் சொல்கிறார். எப்படி உறுதி செய்வது?

முதலில் ஸ்டீயரிங் பாக்ஸ் எந்தப் பக்கச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது என்று பாருங்கள். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்த வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. இரண்டுமே இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிகள்; பம்பாயில் மகிந்திரா நம் சாலைக்காகச் செய்தவை வலப்பக்க ஸ்டீயரிங். பாக்ஸ் இல்லாவிட்டாலும் பிராக்கெட்டின் ரிவெட் துளைகள் சட்டத்தில் நிற்கும். வலப்பக்கம் மாற்றிய போர்க்கால வண்டியாக இருந்தால், இடப்பக்கத்தில் பழைய துளைகளும் வலப்பக்கத்தில் பிற்காலத்தில் வெல்டு செய்த பிராக்கெட்டும் ஒருசேரக் காணப்படும்.

போர்க்கால வண்டிதான் என்று தெரிந்தபின், ரேடியேட்டருக்குக் கீழே, இரண்டு பக்கச் சட்டங்களையும் குறுக்காக இணைக்கும் முன் கிராஸ் மெம்பரைத் தடவிப் பாருங்கள். கைக்கு உருண்டைக் குழாயாகத் தட்டுப்பட்டால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ வடிவத்தில் தட்டையாக இருந்தால் ஃபோர்டு. இந்த ஒரு சோதனையை நான் மிகவும் நம்புகிறேன், ஏனென்றால் அந்தப் பாகத்தை மாற்றுவதற்கு யாருக்கும் எளிதில் அவசியம் வருவதில்லை. ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட்டுகளிலும் ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது உண்மைதான். ஆனால் போல்ட்டுகள் வண்டி விட்டு வண்டி மாறிக்கொண்டே இருப்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி (வண்டன்மேடு): சேஸ் எண் எங்கே இருக்கும்? துருவுக்கு அடியில் ஒன்றுமே தெரியவில்லை. கிரைண்டர் வைத்து எடுக்கலாமா?

தயவுசெய்து கிரைண்டரைத் தொடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பட்டறையில் சுத்தம் செய்யக் கொடுத்த சேஸைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள். எண் இருந்த இடம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. அன்றைக்கு வந்த வருத்தம் இன்றும் போகவில்லை.

ஃபோர்டில் எண் இடப்பக்கச் சட்டத்தின் மேல்பரப்பில், பம்பருக்குப் பின்னால், என்ஜின் தாங்கியை ஒட்டிய பகுதியில் நேரடியாக அடிக்கப்பட்டிருக்கும்; முன்னால் ஜி.பி.டபிள்யூ. என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். வில்லிஸில் அதே இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம், பம்பருக்குச் சற்றுப் பின்னால், ரிவெட் அடித்த சிறு தகட்டில் எண் இருக்கும். தகட்டைக் கழற்றி வேறு சேஸில் அடிக்க முடியும் என்பதால், ரிவெட்டின் தலை பழையதா, சுற்றிலும் உள்ள பெயின்டு அடுக்கு அதனுடன் ஒட்டி வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஓர் இரவு முழுக்க அந்த இடத்தில் போட்டு வையுங்கள். காலையில் பித்தளைக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, இருட்டிய பிறகு டார்ச்சைச் சட்டத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்துகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் கட்டி எழுந்து வரும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் எண் கிடைக்காவிட்டால் நீங்களாகவே புதிதாக அடிக்கக் கூடாது. அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு நடக்க வேண்டிய வேலை.

கேள்வி (நெடுங்கண்டம்): சேஸ் ஃபோர்டு என்று தெரிகிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 1962 என்று இருக்கிறது, நம்பரும் கே.எல். வரிசை. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்: சேஸ் வண்டி செய்த காலத்தைச் சொல்கிறது, ஆர்.சி. அது பதிவான காலத்தைச் சொல்கிறது. கேரள மாநிலமே 1956 நவம்பர் 1 அன்றுதான் உருவானது என்பதால், கே.எல். எண் அதற்கு முன் கிடைத்திருக்க முடியாது. போர் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் தனியாரிடம் போய்ப் பல ஆண்டு கழித்துப் பதிவானது உண்டு. ஃபோர்டு ஆலையிலிருந்து வெளிவந்தபோது சேஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. உங்கள் என்ஜினில் அதே எண் இருந்தால் அது மிக அரிய பொருள், விற்றுவிடாதீர்கள்.

கேள்வி (போடி): ஜீப்பின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம் என்கிறார்கள். என்னுடையது 98 அங்குலம் வருகிறது.

முன் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை எம்.பி., ஜி.பி.டபிள்யூ., மகிந்திரா செய்த சி.ஜே.3பி ஜீப் ஆகியவற்றுக்கு 80 அங்குலம். மகிந்திரா 540க்கு 91 அங்குலம். 98 என்பது பெரும்பாலும் ஆள் ஏற்றுவதற்காக நம் ஊரிலேயே அறுத்து நீட்டிய சேஸாக இருக்கும். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் சட்டத்தின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே போங்கள்; தார் பெயின்டுக்கு அடியில் ஒரு மேடும், பக்கத்தில் ஒட்டுப்பட்டையும் தட்டுப்படும். அந்த நீளத்தைக் கழித்துவிட்டு மீண்டும் அளந்தால் உண்மையான மாடல் தெரிந்துவிடும்.

கேள்வி (பாலக்காடு): அம்பாசிடர் சேஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத் தனி சேஸ் கிடையாது. பாடியே சட்டமாக இருக்கும் வண்டி அது. யாராவது தனியாக விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி (சின்னமனூர்): சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வாங்கினேன். கெசல் என்கிறார்கள்.

பின்புறத்தைப் பாருங்கள். ஹெரால்டில் பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியின் (டிஃபரன்ஷியல்) மேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் உட்காரும். அதே கம்பெனியிலிருந்து 1970களில் வந்த கெசல் காரில் ஒற்றைக்கட்டை அச்சு, இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங். ஸ்பிரிங் கழன்றுபோயிருந்தாலும், பின் சட்டத்தில் இரண்டு பக்கமும் அந்த ஸ்பிரிங்கைத் தாங்கிய பிராக்கெட்டுகள் இருந்தால் அது கெசல்தான்.

கேள்வி (குமுளி): ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டு மட்டும் கிடைத்திருக்கிறது. ஆண்டு தெரியுமா?

பின் இருக்கைக்குக் கீழே, நடுவில் ஓடும் மேட்டின் மேல் எண் அடித்திருக்கும். அது ஒன்பது இலக்கமாக இருந்து 115 என்று தொடங்கினால் 1965 மாடல், 119 என்று தொடங்கினால் 1969 மாடல். ஆனால் அவர்களுடைய மாடல் ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பதால், 115 என்ற எண்ணுள்ள வண்டி 1964இன் பிற்பகுதியில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். படம் அனுப்பும்போது எண்ணின் முதல் மூன்று இலக்கம் தெளிவாகத் தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.